தரைதட்டி நிற்கும் பனி

கேள்வி இதுதான்: அலாஸ்கா வளைகுடாக் கரையில் கடலில் வந்து முடியும் பனியாறுகள் பல உண்டு. அவற்றில் கொலம்பியா என்ற பனியாறு 1980 வாக்கில் தொடங்கி 20 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. அதே கரையில் இருக்கும் ஹப்பர்ட் பனியாறோ நூறு வருடத்துக்கும் மேலாக முன்னால்தான் வந்துகொண்டிருக்கிறது. இரண்டின் மேலும் அடிப்பது ஒரே காற்று, ஒரே வெயில். அப்படியானால் கடலில் முடியும் பனியாறு பின்வாங்குவதை உண்மையில் எது தீர்மானிக்கிறது?

நல்ல கேள்வி. இந்த விஷயத்தைப் பல வருடமாகப் படித்துக்கொண்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருக்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்வாங்கலைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் வெப்பம். காற்றின் வெப்பமாக இருக்கலாம், கடலின் வெப்பமாக இருக்கலாம். ஆனால் தொடங்கிய பின்வாங்கல் எவ்வளவு வேகமாகப் போகும், எங்கே போய் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பனியாற்றுக்கு அடியில் இருக்கும் தரையின் வடிவம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தரையைப் பற்றித்தான் கீழே அதிகம் பேசப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். 'பின்வாங்குகிறது' என்றதும் பனி மலையை நோக்கித் திரும்பிப் போவதுபோல ஒரு படம் மனதில் வரும். அப்படி எதுவும் நடப்பதில்லை. பனியாறு என்பது பெயருக்கேற்ற ஆறுதான். மேலே மலையில் விழும் பனி அழுந்தி இறுகி, எந்நேரமும் கீழே கடலை நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கிறது. கடலைத் தொடும் முகப்பில் அது உடைந்து விழுகிறது, உருகுகிறது. வருவதும் போவதும் சமமாக இருந்தால் முகப்பு அதே இடத்தில் நிற்கும். வருவதைவிடப் போவது கூடினால் முகப்பு பின்னால் போகும். கொலம்பியா மிக வேகமாகப் பின்வாங்கிய காலத்தில், 2000-க்குப் பிந்தைய ஒன்றிரண்டு வருடங்களில், அதன் பனி கடலை நோக்கி நாளொன்றுக்கு 25 முதல் 30 மீட்டர் வரை ஓடிக்கொண்டிருந்தது. பனி அத்தனை வேகமாக முன்னால் ஓடியும், முகப்பு பின்னால் போய்க்கொண்டே இருந்தது. உடைவு அதைவிட வேகம்.

சரி, ஏன் உடைகிறது? இதற்கு வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஐஸ்கிரீம் டப்பா மாதிரி ஒன்றில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி உறையவையுங்கள். ஒரு பெரிய பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் மணலைப் பரப்பி, அதன்மேல் அந்தப் பனிக்கட்டியை வையுங்கள். விரலால் தள்ளினால் மணல் நரநரவென்று உரசும், கட்டி சிரமப்பட்டுத்தான் நகரும். இப்போது குளிர்ந்த தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். தண்ணீர் ஐந்து சென்டிமீட்டர் வந்ததும் தள்ளிப் பாருங்கள், கொஞ்சம் இலகுவாக நகரும். எட்டு சென்டிமீட்டரில் விரல் பட்டாலே வழுக்கும். பத்தைத் தொட்டதும் கட்டி மணலை விட்டு எழும்பிவிடும். கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி நொடியை அல்ல, அதற்கு முந்தைய நிலையை. கட்டி இன்னும் மிதக்கவில்லை, தரையில்தான் இருக்கிறது. ஆனால் தரை அதைப் பிடித்து நிறுத்தும் சக்தி ஏறக்குறைய போய்விட்டது.

கடலில் முடியும் பனியாறும் அப்படித்தான். அது பெரும்பாலும் மிதப்பதில்லை. கப்பல் தரைதட்டி நிற்பதைப்போல, கடல்தரையில் உட்கார்ந்து நிற்கிறது. அதன் எடை, தண்ணீர் மேலே தூக்கும் விசையைவிட அதிகமாக இருக்கும் வரைதான் இந்த நிலை. கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1028 கிலோ அளவு, பனியின் அடர்த்தி 917 கிலோ அளவு. இந்த இரண்டு எண்களிலிருந்து கணக்குப் போட்டால், 20 மீட்டர் ஆழத் தண்ணீரில் தரையைத் தொட்டு நிற்க 23 மீட்டர் தடிமனுள்ள பனி போதும். 400 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டுமானால் 450 மீட்டர் தடிமன் வேண்டும். அதற்கு ஐந்து மீட்டர் குறைந்தாலும் முகப்பு தத்தளிக்கத் தொடங்கிவிடும். அலாஸ்காவில் ஒரு டஜன் பனியாறுகளை அளந்து பார்த்தவர்கள், முகப்பில் தண்ணீர் ஆழமாக ஆக உடையும் வேகமும் கூடுவதை 1980-களின் தொடக்கத்திலேயே கண்டார்கள். ஆழம் நேராக எதையும் உடைப்பதில்லை. மிதப்புநிலையை நெருங்கவைத்து, பிடிமானத்தைத் தளர்த்தி, பனியை இழுத்துப் பிளக்கவிடுகிறது. அதன் வழியாகத்தான் உடைகிறது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கொலம்பியாவின் கதைக்கு வருவோம். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

1794-இல் ஜார்ஜ் வான்கூவரின் பயணக் குழு அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற கடற்பகுதியை வரைபடமாக்கியபோது, கொலம்பியாவின் முகப்பு ஹெதர் தீவின் வடக்கு விளிம்பை ஒட்டி நின்றது. அதற்குப் பிறகு 180 வருடத்துக்கும் மேலாக, சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் தவிர, அங்கேயே நின்றது. அக்கம்பக்கத்துப் பனியாறுகள் பல பின்வாங்கிப் போனபோதும் இது அசையவில்லை. காரணம் முகப்புக்கு அடியில் இருந்தது. பனியாறு நூற்றாண்டுக் கணக்கில் மலையைச் சுரண்டிக் கொண்டுவந்து தள்ளிய கல்லும் மண்ணும் ஒரு பெரிய மேடாகக் குவிந்திருந்தன. மொரைன் என்று இதற்குப் பெயர். ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டு விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதைக் கற்பனை செய்வது எளிது. அந்த மேட்டின்மேல் தண்ணீரின் ஆழம் 20 மீட்டர் சொச்சம்தான். பனியாறு அதன்மேல் சௌகரியமாக ஏறி உட்கார்ந்திருந்தது.

1970-களில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆஸ்டின் போஸ்ட், க்ரௌலர் என்ற சிறிய ஆய்வுப் படகில் அலாஸ்காவின் ஃபியோர்டுகளுக்குள் நுழைந்து ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபியோர்டு என்பது பழைய பனியாறு குடைந்து விட்டுப்போன, இருபுறமும் செங்குத்தான மலை நிற்கும் ஆழமான கடற்கால். அவர் கண்டது இது: கடலில் முடியும் பனியாறு நிலையாக நிற்கும் இடங்களில் எல்லாம் முகப்புக்கு அடியில் ஆழம் குறைவு. ஒரு காலத்தில் அப்படி நின்றுவிட்டு இப்போது பின்வாங்கிப் போன இடங்களில், பழைய மேட்டுக்குப் பின்னால் கிடுகிடு பள்ளம். இதிலிருந்து கொலம்பியாவைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தார். அந்த முகப்பு மேட்டை விட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தால் போதும். பிறகு நிற்க இடம் கிடைக்காது, ஏனென்றால் மேட்டுக்குப் பின்னால் தரை கடல்மட்டத்துக்குக் கீழே முந்நூறு, நானூறு மீட்டர் வரை இறங்குகிறது.

அது வெறும் அறிவுத் தேடலாக மட்டும் இருக்கவில்லை. அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய் 1977-இல் பக்கத்திலுள்ள வால்டீஸ் துறைமுகத்தில் வந்து முடிந்தது. பனியாறு உடைந்தால் மிதக்கும் பனிப்பாறைகள் எண்ணெய்க் கப்பல் போகும் பாதைக்குத்தான் வரும். அதனால் மார்க் மேயரும் போஸ்ட்டும் அவர்களது குழுவும் பனியின் தடிமன், ஓட்டம், தரையின் ஆழம் எல்லாவற்றையும் அளந்து, கொலம்பியா சீக்கிரமே பெருமளவில் பின்வாங்கப்போகிறது என்று 1980-இல் எழுதி வெளியிட்டார்கள். பனியாறு ஒன்றின் எதிர்காலத்தை, நடப்பதற்கு முன்பே, இயற்பியலை வைத்துச் சொன்ன அபூர்வமான சந்தர்ப்பம் அது. அந்த ஆண்டுகளிலேயே முகப்பு மேட்டை விட்டு இறங்கியது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு நிற்கவில்லை.

1989 மார்ச் 24 அதிகாலையில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பிளை ரீஃப் என்ற பாறைத்திட்டில் தரைதட்டி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. அந்த இரவு கப்பல் வழக்கமான பாதையை விட்டு விலகியதே கொலம்பியாவிலிருந்து மிதந்து வந்த பனியைத் தவிர்க்கத்தான். விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு, பழியைப் பனியின்மேல் மட்டும் போட முடியாது. ஆனாலும் கடலுக்கடியில் ஒரு மண்மேட்டை விட்டு ஒரு பனியாறு இறங்கியதற்கும், பல நூறு கிலோமீட்டர் கடற்கரை கறுத்துப் போனதற்கும் இடையே ஒரு நூல் ஓடுகிறது. இதை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

மேட்டை விட்டு இறங்கியதும் ஏன் நிற்க முடிவதில்லை? முகப்பு பள்ளத்துக்குள் வந்ததும் தண்ணீர் ஆழமாகிறது, மிதப்பு கூடுகிறது, தரையின் பிடி தளர்கிறது. பிடி தளர்ந்தால் பனி வேகமாக ஓடுகிறது. வேகமாக ஓடும் பனி சவ்வுமிட்டாயை இழுத்ததுபோல நீண்டு மெலிகிறது. மெலிந்த பனி இன்னும் எளிதாக மிதக்கிறது, இன்னும் எளிதாகப் பிளந்து உடைகிறது. முகப்பு மேலும் பின்னால், மேலும் ஆழத்துக்குப் போகிறது. ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிடும் இந்தச் சுழலுக்கு வெளியிலிருந்து எந்த வெப்பமும் தேவையில்லை. நாளையே பூமி குளிர்ந்தாலும் அது உடனே நின்றுவிடாது. எங்கே நிற்கும் என்றால், தரை மறுபடி மேலேறும் இடத்தில். அல்லது பள்ளத்தாக்கு குறுகி இருபக்கச் சுவர்களும் பனியை இறுக்கிப் பிடிக்கும் இடத்தில். இரண்டும் கிடைக்காவிட்டால் பனியாறு கடலை விட்டே வெளியேறித் தரைக்கு வந்த பிறகு.

இனி ஹப்பர்ட். அது முன்னேறுவதைக் காட்டி 'பூமி சூடாகவில்லை' என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. ஹப்பர்ட்டின் பரப்பில் ஏறக்குறைய 95 சதவீதம் பனி உருகும் உயரத்துக்கு மேலே, லோகன் போன்ற மலைகளின் உயரத்தில், இருக்கிறது. மேலே சேரும் பனி மிக அதிகம். கீழே வெயிலில் உருகக் கிடைக்கும் பரப்பு கொஞ்சம். கடந்த நூற்றாண்டுகளில் அதுவும் கொலம்பியா மாதிரியே பெரிதாகப் பின்வாங்கிய பனியாறுதான்; பின்வாங்கி மேலே போய் நின்ற பிறகு, இப்போது சுற்றின் அடுத்த பாதியில் இருக்கிறது. கடலில் பனியாறு முன்னேற வேண்டுமானால் ஆழத்தைக் கடந்தாக வேண்டும். அதற்கு அது தன் மேட்டையே கூடத் தள்ளிக்கொண்டு வருகிறது. மேட்டின் பின்பக்க மண்ணைச் சுரண்டி முன்பக்கம் போட்டு, போட்ட இடத்தில் ஏறி உட்கார்ந்து, மறுபடி சுரண்டி மறுபடி போட்டு, வருடத்துக்குச் சில பத்து மீட்டர் என்று நகர்கிறது. முன்னேற நூற்றாண்டுகள் ஆகும், பின்வாங்கச் சில பத்து வருடங்கள் போதும். பொறுமையாகக் கட்டிய மேட்டிலிருந்து கால் நழுவினால் எல்லாம் போச்சு.

அந்த முன்னேற்றமும் சும்மா நடப்பதில்லை. 1986-இல் ஹப்பர்ட் முன்னேறி ரஸ்ஸல் ஃபியோர்டின் வாயை அடைத்துவிட்டது. கடற்கால் ஏரியானது, கடல்நாய்களும் கடல்பன்றிகளும் உள்ளே மாட்டிக்கொண்டன, நீர்மட்டம் ஏறக்குறைய 25 மீட்டர் உயர்ந்தது. அக்டோபர் 8-ஆம் தேதி பனி அணை உடைந்து எல்லாம் கடலுக்குள் பாய்ந்தது. 2002-இல் மறுபடியும் அடைத்து, மறுபடியும் உடைந்தது.

இதுவரை சொன்னது தரையின் பங்கு. முதல் உந்துதல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு கிரீன்லாந்து நல்ல பாடம். மேற்குக் கிரீன்லாந்தில் இலுலிசாட் ஊருக்குப் பக்கத்தில் யாகொப்ஸ்ஹாவ்ன் என்ற பனியாறு இருக்கிறது. அங்குள்ளவர்கள் செர்மெக் குயாலெக் என்பார்கள். அதன் முன்னால் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மிதக்கும் பனிநாக்கு பல பத்தாண்டுகளாக நிலையாக இருந்தது. 1997-க்குப் பிறகு அது அடியிலிருந்து மெலியத் தொடங்கி, 2003-க்குள் சிதறிப்போனது. வருடத்துக்கு 6 கிலோமீட்டர் அளவில் இருந்த பனியோட்டம் இரட்டிப்பாகி, 2012-இல் 17 கிலோமீட்டரைத் தொட்டது.

அந்த ஆண்டுகளில் காற்று மட்டும் திடீரென்று அப்படிச் சூடாகிவிடவில்லை. விடை கிடைத்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்: இறால் கணக்கெடுப்பு. கிரீன்லாந்தின் மீன்வளத்துறையினர் கரையோரக் கடலில் இறால் வளத்தை அளக்க வருடாவருடம் இழுவலை போடுவார்கள். அப்போது கடலடியின் வெப்பத்தையும் குறித்துவைப்பார்கள். டேவிட் ஹாலண்டும் சக ஆய்வாளர்களும் அந்தப் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, 1997-இல் அந்தக் கரையின் ஆழக்கடல் நீர் சட்டென்று சூடாகியிருந்தது தெரியவந்தது. 2008-இல் அதை வெளியிட்டார்கள். அட்லாண்டிக்கிலிருந்து வந்த உப்பு மிகுந்த, வெதுவெதுப்பான நீர் அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துருவக் கடலில் சூடு மேலே இருப்பதில்லை, கீழே இருக்கிறது. பனி உருகி வந்த நன்னீர் குளிர்ந்து, எடை குறைந்து மேலே மிதக்கும். உப்பு அதிகமுள்ள வெப்பநீர் கனமாக, இருநூறு முந்நூறு மீட்டருக்குக் கீழே படுத்திருக்கும். 'வெப்பநீர்' என்று சொல்வது இரண்டு மூன்று டிகிரியைத்தான். ஆனால் அழுத்தம் கூடக்கூடப் பனியின் உருகுநிலை கீழே இறங்குகிறது, ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு முக்கால் டிகிரி அளவில். உப்பையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆழத்தில் பனி மைனஸ் இரண்டரை டிகிரியிலேயே உருகும். அங்கே இரண்டு டிகிரி நீர் வந்து முட்டினால் பனிக்கு அது அடுப்புதான். அதனால்தான் ஆழமாகத் தரைதட்டி நிற்கும் பனியாறுகளுக்கு ஆபத்து அதிகம். கடலின் மேல்மட்டத்தை மட்டும் தொடும் பனியாறும், ஆயிரம் மீட்டர் ஆழத்தில் தொடும் பனியாறும் வெவ்வேறு கடல்களில் நிற்பதற்குச் சமம். ஃபியோர்டின் வாயில் ஆழம் குறைந்த திட்டு இருந்தால் அது இந்த வெப்பநீரைத் தடுக்கும் வாசற்படியாகிவிடும். இங்கேயும் தரையின் வடிவம்தான் காவல்.

2016 வாக்கில் யாகொப்ஸ்ஹாவ்ன் கரையோரக் கடலின் நீர் ஒன்றரை டிகிரிக்கு மேல் குளிர்ந்தது. யாகொப்ஸ்ஹாவ்ன் வேகம் குறைந்து, தடித்து, சில வருடங்கள் முன்னேறவும் செய்தது. கடல் சூட்டின் கை எவ்வளவு பலமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அந்தச் சூடு பனிக்குப் போய்ச் சேரும் விதம் தனி அழகு. கோடையில் பனியாற்றின் மேற்பரப்பில் உருகும் தண்ணீர் பிளவுகள் வழியாக அடிவரை இறங்கி, அடியிலேயே ஓடி, முகப்பின் காலடியில் கடலுக்குள் வெளியேறுகிறது. அது நன்னீர், இலேசானது. பனிச்சுவரை ஒட்டிக் கொதிக்கும் பானையில் நீர் எழும்புவதுபோல மேலே எழும்புகிறது. எழும்பும்போது சுற்றியுள்ள ஆழக்கடல் வெப்பநீரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் தேய்க்கிறது. முகப்பின் அடி குடைந்துபோகிறது, மேலே தொங்கும் பனி உடைந்து விழுகிறது. படகில் இருந்து பார்த்தால் பனிச்சுவருக்கு முன்னால் ஒரு இடத்தில் மட்டும் கடல் பழுப்பாகக் கலங்கியிருக்கும், அதன்மேல் கடற்பறவைகள் கூட்டமாக வட்டமிட்டுக் குத்திக் குத்தி இரை எடுக்கும். ஆழத்திலிருந்து மேலே தள்ளப்பட்ட சின்ன உயிர்கள்தான் இரை. காற்றின் சூடும் கடலின் சூடும் கைகோக்கும் இடம் அதுதான்: மேலே வெயில் அதிகமானால், அடியில் கடல் பனியைத் தின்னும் வேகமும் கூடுகிறது.

இதை நேரில் அளப்பது உயிரோடு விளையாடுவது. அலாஸ்காவின் லெகாண்ட் பனியாற்றில் கடலுக்கடியில் பெரிய பனிக்கட்டிகள் கழன்று, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் அடியிலிருந்து பீறிட்டு மேலே வரும். அங்கே ஆய்வாளர்கள் கப்பலில் இருந்து சோனார் என்ற ஒலியலைக் கருவி கொண்டு பனிச்சுவரைத் திரும்பத் திரும்ப வருடிப் பார்த்து, நெருங்க முடியாத இடத்துக்கு ஆளில்லாக் கயாக் படகுகளை அனுப்பி அளந்தார்கள். நீரோட்டம் எழும்பாத இடங்களில்கூட, அதுவரை கோட்பாடு சொன்னதைவிட நூறு மடங்கு வரை அதிகமாகச் சுவர் உருகிக்கொண்டிருந்தது. 2019-இல் வெளிவந்த அந்த முடிவு கணினி மாதிரிகள் பலவற்றை மறுபடி எழுதவைத்தது.

தரை, கடல் இரண்டையும் சொன்னேன். மூன்றாவதாக முட்டுக்கொடுப்பது. சாயும் சுவருக்குக் கட்டை முட்டுக் கொடுப்பதுபோல, பனியாற்றுக்கு முன்னால் மிதக்கும் பனித்தட்டு அதைப் பின்னோக்கி அழுத்திப் பிடித்திருக்கும். 2002-இல் அண்டார்க்டிகத் தீபகற்பத்தில் லார்சன் பி பனித்தட்டு சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் அளவுக்கு ஒரே மாதச் சொச்சத்தில் நொறுங்கியது. அது ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்த பனி, அதனால் அது நொறுங்கியதால் கடல்மட்டம் கிட்டத்தட்ட உயரவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த கிரேன், ஹெக்டோரியா போன்ற பனியாறுகள் பல மடங்கு வேகம் எடுத்தன. பக்கத்திலேயே, நொறுங்காமல் மிஞ்சிய துண்டின் பின்னால் இருந்த ஃப்ளாஸ்க், லெப்பர்ட் பனியாறுகளோ அசையவில்லை. அதே வானம், அதே வருடம். முட்டு இருந்தது, இல்லை என்பது மட்டுமே வித்தியாசம். சின்ன அளவில் இதையே கிரீன்லாந்து ஃபியோர்டுகளில் ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கலாம்: உடைந்த பனித்துண்டுகளும் உறைந்த கடலும் சேர்ந்து இறுகிய பனிக்கூளம் முகப்பை அழுத்த, உடைவது நின்று முகப்பு கொஞ்சம் முன்னேறும், வசந்தத்தில் கூளம் கலைந்ததும் மறுபடி உடையும்.

முகப்பில் பனிச்சுவர் நூறு மீட்டர் அளவுக்கு மேல் உயர்ந்தால் தன் எடையாலேயே இடிந்துகொண்டே போகும் என்று ஒரு கருத்தும் உண்டு. அது இன்னும் விவாதத்தில் இருப்பது, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

அப்படியானால் தரைதான் எல்லாம், புவி வெப்பமாதலுக்குப் பங்கில்லையா? உண்டு, பெரிய பங்கு. மலைச்சரிவில் நின்ற கல்லை உருட்டிவிட்டது யார் என்பது ஒரு கேள்வி. அது எங்கே போய் நிற்கும் என்பது வேறு கேள்வி. கிரீன்லாந்தின் கடலோரப் பனியாறுகள் 207-ஐ 1985 முதல் 2022 வரை செயற்கைக்கோள் படங்களில் தொடர்ந்து பார்த்ததில், 179 குறிப்பிடத்தக்க அளவு பின்வாங்கியிருந்தன, 27 ஏறக்குறைய அதே இடத்தில் நின்றன, ஒன்றே ஒன்று சிறிது முன்னேறியிருந்தது. தரை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. அப்படியும் பெரும்பாலானவை ஒரே திசையில் நகர்ந்ததற்குக் காரணம் பொதுவான வெப்பம்தான். நகர்ந்த தூரத்தில் இருக்கும் வித்தியாசத்துக்குத்தான் தரையைக் கேட்க வேண்டும். தனி ஒரு பனியாற்றைக் காட்டி யாராவது வெப்பத்தைப் பற்றி, எந்தப் பக்கம் வாதிட்டாலும், முதலில் அதன் அடியில் ஆழம் எவ்வளவு என்று கேளுங்கள்.

இதெல்லாம் மிகப் பெரிய அளவில் நடக்கக்கூடிய இடம் மேற்கு அண்டார்க்டிகா. அங்கே பனிக்குக் கீழுள்ள தரை கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பது மட்டுமில்லை, உள்ளே போகப் போக இன்னும் கீழே இறங்குகிறது. பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் இடத்தைத் தரைதட்டும் கோடு என்று சொல்லலாம். அந்தக் கோடு உள்நோக்கிச் சரியும் தரையில் நிலையாக நிற்க முடியாது என்று 1974-இல் யோஹானஸ் வீர்ட்மன் கணக்குப் போட்டுக் காட்டினார். 2007-இல் கிறிஸ்டியன் ஷூஃப் அதை உறுதியான கணிதமாக்கினார். பக்க முட்டு ஏதுமில்லாத எளிய நிலையில், கோட்டின் இடத்தில் பனியின் தடிமன் இரட்டித்தால் அதன் வழியாக வெளியேறும் பனி 25 மடங்குக்கு மேல் கூடும் என்பது அவர் சூத்திரம் சொல்வது. அந்தக் கோடு பள்ளத்துக்குள் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். இருபுறமும் முட்டு இருந்தால் இது தணியும், சில இடங்களில் நிற்கவும் செய்யும்.

பைன் ஐலண்ட் பனியாறு அங்கேதான் இருக்கிறது. அது ஒரு காலத்தில் கடலடி முகடு ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தது. பனித்தட்டில் துளையிட்டு அடியிலிருந்து எடுத்த மண்ணைப் படித்தவர்கள் 2017-இல் சொன்னது: 1940-களில், பசிபிக்கில் எல் நினோ பலமாக இருந்த ஒரு வெப்பக் காலத்தில், அந்த முகட்டுக்குப் பின்னால் கடல்நீர் புகுந்து குழிவு உண்டாகிவிட்டது, 1970-கள் வாக்கில் பனி முகட்டை விட்டு முழுக்கக் கழன்றது. இடையில் கடல் மறுபடி குளிர்ந்தும் பனியாறு முகட்டுக்குத் திரும்பவில்லை. கொலம்பியாவின் கதையேதான், பல மடங்கு பெரிதாக.

அதன் பக்கத்தில் துவைட்ஸ். முகப்பு சுமார் 120 கிலோமீட்டர் அகலம். முழுதும் போனால் உலகக் கடல்மட்டம் 65 சென்டிமீட்டர் அளவு உயரும். 2019-இல் சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் ரான் என்ற ஆளில்லா நீர்மூழ்கியை அதன் முன்னால் இறக்கினார்கள். சுமார் 700 மீட்டர் ஆழத்தில், பனி ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்து விட்டுப்போன ஒரு மேட்டின்மேல், 160-க்கும் அதிகமான மெல்லிய வரப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரம். கடல் ஏற்றத்தில் பனி தரையை விட்டு இலேசாக எழும்பி, இறக்கத்தில் மறுபடி உட்கார்ந்து மண்ணைப் பிதுக்கியதால் விழுந்தவை அவை. நாளுக்கு ஒரு வரப்பு. வரப்புகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் ஐந்தரை மாதம் தொடர்ந்து, வருடத்துக்கு 2.1 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் துவைட்ஸ் பின்வாங்கியது என்று 2022-இல் கணக்கிட்டார்கள். செயற்கைக்கோள்கள் அதே இடத்தில் பார்த்த மிக அதிக வேகத்தைப்போல அது இரு மடங்கு. நாளுக்கு ஆறு மீட்டர் அளவில், எழும்பி உட்கார்ந்து எழும்பி உட்கார்ந்து, ஒரு பனியாறு தன் மேட்டை விட்டு இறங்கிப் போன காலடித் தடம் அது.